அரைச்சாண் கயிறு

போன ஐப்பசியில், டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். என் வயதுதான் அவனுக்கு. அங்கே மான் வேட்டைக்கு லைசன்ஸ் எடுத்திருக்கிறான், அதுவும் வில்லால். துப்பாக்கிக்காரர்களுக்கு முன்பாகவே வில்லுக்கென்று தனியாக ஒரு பருவத்தைத் திறந்துவிடுகிறார்களாம்.

"டேய், நாண்ல அந்த லூப்பு கட்டலாமா? இங்க ரெண்டு பெரியவங்க, அது ஏமாத்து வேலை, விரலால இழுக்கத் தெரியாதவன் காட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்றாங்க. நீதான் வில்லு விடறியே, நீ சொல்லு."

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பெரியவங்க சொல்றதுதான் கரெக்ட்" என்று அனுப்பிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். அந்தப் பதிலை மாற்றிக்கொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது.

முதலில் அந்த லூப் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாணில் அம்பின் பின்முனை கவ்வும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு முடிச்சு, கொஞ்சம் கீழே ஒரு முடிச்சு. இரண்டையும் இணைத்துப் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன வளையம். பார்க்க ஆங்கில 'டி' எழுத்துபோல இருப்பதால் டி-லூப். அரைச்சாண் கயிறு போதும். வெட்டிய முனைகளை லைட்டரில் காட்டி உருக்கிக் குமிழாக்கிவிட்டால் முடிச்சு நழுவாது. விரலால் நாணை இழுக்காமல், மணிக்கட்டில் கட்டிய அல்லது கையில் பிடித்த ரிலீஸ் என்ற கருவியின் கொக்கியை இந்த வளையத்தில் மாட்டி இழுக்க வேண்டும். விசையைத் தொட்டால் கொக்கி திறக்கும், அம்பு போகும்.

இதில் என்ன லாபம்? மூன்று விரல்கள் நாணை விடும்போது ஒரே நேரத்தில் விடுவதில்லை. ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று பிந்தும். நாண் விரல் நுனியைச் சுற்றி வழுக்கிப் பக்கவாட்டில் நெளிந்துதான் முன்னே போகும். அந்த நெளிவு அம்புக்கும் ஏறும். கொக்கி அப்படி நெளியவிடாது. கொக்கியை லூப் இல்லாமல் நேராக நாணிலேயே மாட்டலாம்தான். ஆனால் அப்போது அது அம்புக்குக் கீழே இழுக்கும், நாணின் மேல் சுற்றிய நூலும் தேயும். லூப் இருந்தால் இழுவை அம்புக்கு நேர் பின்னால் விழுகிறது. போதாததற்கு இன்றைய காம்பவுண்ட் வில்கள் குட்டையானவை. முழுக்க இழுத்தால் நாண் கூர்மையாக மடிந்து விரல்களை நசுக்கும்.

1966-இல் மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வில்தான் இந்தக் காம்பவுண்ட். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்தது. வேட்டைக்காரர்கள் கையில் அது பரவிய பிறகுதான் 'இதெல்லாம் வில்லா?' என்ற சண்டையும் பெரிதானது. லூப் அந்தச் சண்டையின் ஒரு சின்ன வாரிசு.

விளையாட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒலிம்பிக்கில் இதுவரை நாம் பார்த்த ரீகர்வ் வில்லுக்கு ரிலீஸ் கூடாது, விரல்தான். காம்பவுண்டுக்கு ரிலீஸ் உண்டு. அதற்கேற்ப ரீகர்வ்காரர்கள் 70 மீட்டரில் 12.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பத்தாம் வளையத்துக்கு எய்கிறார்கள். காம்பவுண்டுக்கு 50 மீட்டர், வளையம் 8 சென்டிமீட்டர். 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் ஒலிம்பிக்குக்குள் வருகிறது. கோட்டை எங்கே போடுவது என்று உட்கார்ந்து பேசிப் போட்டுவிட்டார்கள். வேறு இடத்தில் போட்டிருந்தாலும் குடி முழுகியிருக்காது, ஏனென்றால் காகிதத்துக்கு வலிக்காது.

நான் வேலை செய்வது இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், குவாலிட்டி பிரிவில். இந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவேயில்லை. ஒரு பக்கம் ரேஸ் டிராக். ஒரு பக்கம் 1998 முதல் ஹூண்டாய் கார் செய்துகொண்டிருக்கும் ஆலை. நடுவில் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வில் பழகும் காலி மனை இதற்கெல்லாம் பின்பக்கம். டிராக்கில் பயிற்சி இருந்தால் வண்டிகளின் அலறல் கேட்கும், இல்லையென்றால் லாரிகளின் ஹாரன்.

ஒரு ஞாயிறு அந்த அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஏபிஎஸ் ஞாபகம் வந்தது. பிரேக்கை முழுக்க மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1994-லிருந்து அதற்குத் தடை. காரணம், நம் பெரியவர்கள் லூப்பைப் பற்றிச் சொல்வதேதான்: பிரேக் பிடிக்கும் திறமை ஓட்டுபவன் காலில் இருக்க வேண்டும், கருவியில் இருக்கக் கூடாது. அதே கருவி, கேட்டுக்கு வெளியே சாலையில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். சாலையில் ஒருவர், 'எனக்கு ஏபிஎஸ் வேண்டாம், என் காலின் திறமையில் நிறுத்துவதுதான் நேர்மை' என்று சொன்னால் நாம் அவரைக் கலைஞன் என்று சொல்ல மாட்டோம். இருங்காட்டுக்கோட்டை சிக்னலில் ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் பெண்களைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார். டிராக்கில் தவறினால் தவறியவருக்குப் பெரும்பாலும் இடம் போகும். சாலையில் தவறினால் பந்தயத்தில் சேராத ஒருவரின் எலும்பு போகும்.

மான் பந்தயத்தில் சேரவில்லை.

விரலால் இழுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று நான் நம்பினேன், இப்போதும் பாதி நம்புகிறேன். காம்பவுண்டில் நானும் லூப்தான். ஆனால் நான் முதலில் பழகியது ரீகர்வில். குளிர்காலக் காலையில் நாண் விரலை அறுக்கும் வலியோடு ஒரு அம்பு சரியாகப் போகும்போது உடம்புக்குத் தெரியும் ஒரு சந்தோஷம் ரிலீஸில் கிடைப்பதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கான செலவை யார் கணக்கில் எழுதுகிறோம் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அம்பு, குண்டைப்போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. அகன்ற கத்தி முனை நுரையீரலையோ இதயத்தையோ கிழித்து, ரத்தம் வடிந்துதான் விலங்கு சாகும். சரியான இடத்தில் பட்டாலும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் விழும். ஒரு சாண் பின்னால், வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. விரல் நுனியின் நெளிவு அந்த ஒரு சாணாக மாறக்கூடியது. இங்கிலாந்தில் காட்டு விலங்கை வில்லால் கொல்வதே குற்றம் என்று வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை வில் முடிந்து வரும் வழியில் கறி எடுப்போம். கடைக்காரர் முதல் வேலையாகக் கத்தியைத் தீட்டுவார். மொக்கைக் கத்தியில் அறுப்பது பாவம் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். 'மொக்கைக் கத்தியில் அறுப்பதுதான் திறமை, கூர்க்கத்தி ஏமாற்று வேலை' என்று ஒருவர் கடை போட்டால் அந்தக் கடையில் நாம் கறி வாங்குவோமா? வேட்டையே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் வேட்டையாட ஆசை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறி தின்கிற நான், கொல்வதைப் பற்றிய கேள்வி எனக்கு இல்லை என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நம் நாட்டில் இது சட்டப்படி முடிந்துபோன விஷயம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் வேட்டையைத் தடுத்துவிட்டன. இன்று நம் காடுகளில் திருட்டு வேட்டைக்குப் போகிறவர் வில்லை எடுத்துப் போவது அபூர்வம். அவர் வைப்பது சுருக்கு, பல சமயம் பைக்கின் கிளட்ச் கம்பியில் செய்தது. (எங்கள் பகுதியில் செய்யும் கம்பியாகக்கூட இருக்கலாம், எனக்கு அதை நினைக்கப் பிடிக்கவில்லை.) சுருக்கு வைத்தவர் அந்த இடத்தில் இருப்பதே இல்லை. முயலுக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். கருவி எல்லா வேலையையும் தானே செய்துவிடும் இடம் அதுதான். 'கருவி கூடக் கூட மனுஷன் காணாமப் போறான்' என்று பெரியவர்கள் பயப்படுவதில் பொருள் இருக்கிறது. ஆனால் அரைச்சாண் லூப்பைப் பிடித்திருப்பவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார், மானைப் பார்த்துக்கொண்டு.

சட்டத்தில் முடிந்தது நம் இலக்கியத்தில் முடியவில்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பு வரை போனதை வன்பரணர் பாடியிருக்கிறார், புறநானூற்றில் 152-ஆவது பாட்டு. தவறாத அம்பின் கனவு அது. இதற்கு எதிர்ப்பக்கம் அகத்தில் இருக்கிறது. தினைப்புனம் காக்கும் பெண்ணிடமும் தோழியிடமும் தலைவன் வந்து நிற்பான். 'என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா?' என்று கேட்பான். கெடுதி வினாதல் என்று அதற்குப் பெயர். திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று துறைகளே உண்டு. அவன் கேட்பது சாக்கு, யானை இருந்ததா என்பதே சந்தேகம், காதலைச் சொல்ல ஒரு வழி, அவ்வளவுதான் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தச் சாக்கு எடுபட வேண்டுமென்றால் அம்பு பட்டு, சாகாமல் ஓடிப்போகும் விலங்குகள் எல்லோருக்கும் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு சகஜம்.

இதை ஒரு நாள் அண்ணனிடம் சொன்னேன். எங்கள் நாலு பேரில் மூத்தவர், கொல்லிமலைக்காரர். சின்ன வயதில் செம்மேட்டில் ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில் போட்டியைப் பார்த்துப் பைத்தியம் பிடித்தவர். பாட்டுக் கதையை முழுக்கக் கேட்டார்.

"சரி தம்பி, அந்த யானை கெடச்சிச்சா?"

"பாட்டுல அது இல்லண்ணே."

"தேடுனானா?"

"இல்லண்ணே. அப்புறம் அந்தப் பொண்ணு கதைதான்."

"நல்ல ஆளு" என்று சொல்லிவிட்டு அம்பைப் பிடுங்கப் போய்விட்டார்.

அண்ணனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். அவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான். எட்டு வருடத்துக்கு முன்னால், இந்தக் காரிடாரில் வேறொரு கம்பெனியில், பிரஸ்ஸில் போனது. அதுவரை விரலால் இழுத்தவர், அதற்குப் பிறகு லூப்பும் ரிலீஸும் இல்லாமல் அவரால் வில்லே பிடிக்க முடியாது. சித்தப்பா மகனுக்கு நான் அனுப்பிய பதிலைப் பெருமையாக அவரிடமே படித்துக் காட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் கோபப்படவில்லை. லூப்புக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பல்லாலும் பிளேயராலும் இறுக்கியபடி, "அப்ப நான் ஏமாத்துக்காரனாடா?" என்று சிரித்தார்.

விரலின் நேர்மையைப் பேசுகிறவர்கள் ஏகலைவன் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம். யாருக்கு விரல் இருக்கிறது, யாரிடமிருந்து வாங்கிக்கொள்ளப்படுகிறது என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளில் மாட்டிய ரிலீஸால் இழுத்து, தாடையால் விசையை இயக்குகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம். 'சுத்தமான' வில் என்று ஒன்றை வரையறுத்தால் அவர் வெளியே நிற்பார். அப்படியொரு சுத்தம் எப்போதும் இருந்ததும் இல்லை. துருக்கியிலும் மங்கோலியாவிலும் கொரியாவிலும் கட்டைவிரலில் கொம்பாலோ எலும்பாலோ கல்லாலோ செய்த வளையம் மாட்டித்தான் இழுத்தார்கள். நம் அகராதியில் கோதை என்றால் மாலை மட்டுமில்லை, வில்லாளி கையில் கட்டும் தோலுறையும்தான். வெறும் கை என்பது பிற்பாடு வந்த கற்பனை.

ஆக, லூப் சரி. இந்த இடத்தில் நான் நின்றுவிட்டிருந்தால் மாசி வரை ஆகியிருக்காது. அண்ணனின் விரல் போன கதையை முழுசாகக் கேட்ட பிறகுதான் மறுபடி சிக்கிக்கொண்டேன்.

"அந்தப் பிரஸ்ல முதல்ல சென்சாரே கெடையாது தம்பி. பயந்து பயந்துதான் கைய உள்ள விடுவோம். ஒரு நாள் சென்சார் வெச்சாங்க. கை உள்ள இருந்தா மிஷின் இறங்காது. எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த வாரமே ஸ்பீட ஏத்திட்டாங்க. அதான் சென்சார் இருக்குதில்ல, என்ன பயம்னாங்க. எங்களுக்கும் பயம் போயிடுச்சு. அப்புறம் ஒரு நாள் சென்சார் தகராறு பண்ணுது, லைன் நிக்குதுன்னு அதக் கழட்டி விட்டுட்டாங்க. ஸ்பீட மட்டும் யாரும் குறைக்கல."

வாகன உதிரிபாகத் தொழிலில் இது ஒரு ஆளின் துரதிர்ஷ்டம் இல்லை. 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019-லிருந்து 'க்ரஷ்ட்' என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிடுகிறது, பெரும்பாலும் வட இந்தியத் தொழிற்பேட்டைகளைப் பற்றி. பவர் பிரஸ்ஸும் போன விரல்களும் அதில் திரும்பத் திரும்ப வரும். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 'அடுத்த வாரமே'. பாதுகாப்புக்காக வந்த ஒன்றை உடனே வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். ஏபிஎஸ் விஷயத்திலும் இது நடந்திருக்கிறது. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்ஸிகளில் ஒரு பாதிக்கு ஏபிஎஸ் வைத்து, மறுபாதிக்கு வைக்காமல் பார்த்தார்கள். விபத்து எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஏபிஎஸ் இருப்பது தெரிந்த ஓட்டுநர்கள் அதை நம்பி இன்னும் துணிச்சலாக ஓட்டியிருந்தார்கள்.

லூப் கட்டியவர் எதைச் செலவழிப்பார்? தூரத்தை.

விரலால் இழுத்து 20 மீட்டரில்தான் நம்பிக்கையாக எய்ய முடிந்த ஒருவர், லூப்பும் ரிலீஸும் வந்த ஒரு மாதத்தில் 40 மீட்டரில் அதே அளவு வட்டத்துக்குள் அம்பைப் போடுவார். எனக்கே நடந்தது. டார்கெட் அட்டை நகராது, அதனால் எனக்கு ஒன்றுமில்லை. மான் நகரும். அம்பு விநாடிக்கு 85 மீட்டர் போகிறதென்று வைத்துக்கொண்டால் 40 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய அரை விநாடி. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர். நாண் அதிரும் ஒலி மானின் காதுக்கு எட்டிய பிறகும் அம்பு வந்து சேர மூன்றில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் இருக்கிறது. மான் பாய்வதற்கு முன் உடம்பைத் தாழ்த்தும். அதற்கு அந்த நேரம் தாராளம். நுரையீரலுக்கு விட்டது முதுகில் ஏறும். 20 மீட்டரில் அந்த இடைவெளி பாதியாகக் குறையும். லூப் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட மாறாது. குறி அட்டையில் இரட்டிப்பான தூரத்தைக் காட்டுக்குள்ளும் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டால், விரலில் தொலைத்ததைவிட அதிகமாகத் தொலைக்க வேண்டியதுதான்.

இன்றைய அமெரிக்க வில்வேட்டையின் வேரைத் தேடினால் இஷி என்ற மனிதரிடம் போய் நிற்கும். யாஹி இனத்தவர், கலிபோர்னியாவில் அவருடைய மக்கள் கொன்றொழிக்கப்பட்டு, கடைசி ஆளாக 1911-இல் வெளியே வந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவரிடம் வில் கற்றார். இஷி 1916-இல் காசநோயில் இறந்துபோனார். போப் 1923-இல் வில் வேட்டையைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்து ஒரு தலைமுறையே வில்லைத் தூக்கியது. இஷி கட்டைவிரலால் இழுத்தார், போப் மூன்று விரலால். போப் அவரிடம் வியந்தவற்றில் ஒன்று பொறுமை: சத்தமில்லாமல் நெருங்கிப் போவது, முயலைக் குரல் கொடுத்துத் தன் பக்கத்துக்கே வரவைப்பது. பழமை வேண்டும் என்கிற டெக்சாஸ் பெரியவர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காப்பாற்ற வேண்டியிருந்தது அந்த நெருக்கத்தை என்று எனக்குத் தோன்றுகிறது. விரல் சுட்டெரிந்ததால் கிட்டப்போக வேண்டியிருந்தது, அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள்.

இதற்கு அண்ணனிடம் ஒரு மறுப்பு இருந்தது. "கிட்டப்போன்னு சொல்றது ஈசி. கருவி கையில இருக்கறப்ப எவன் கேப்பான்? ஸ்பீட குறைங்கன்னு நாங்க சொல்லாமயா இருந்தோம்?" அவர் சொல்வது சரிதான். கம்பெனியில் வேகத்தை ஏற்றியது வேறு ஆள், விரல் போனது வேறு ஆள். வில்லில் தூரத்தை ஏற்றுவதும் விடுவதும் ஒரே ஆள்தான், காட்டில் அவரைப் பார்க்க யாரும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று நாங்கள் இரண்டு டீ குடித்தும் முடிவுக்கு வரவில்லை.

போன வாரம் சித்தப்பா மகனுக்கு நீளமாக எழுதினேன். 'லூப் கட்டிக்கோ, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. ஆனா கட்டறதுக்கு முன்னாடி ஒரு மாசம் விரலால விடு. எத்தனை மீட்டர்ல பத்துக்குப் பத்தும் ஒரு கையகலத்துக்குள்ள விழுதோ அதை எழுதி வில்லுலயே ஒட்டி வை. லூப் வந்த அப்புறமும் அந்த நம்பரத் தாண்டி மான் மேல விடாத. விட்டுட்டு அது ஓடிட்டா, இருட்டற வரைக்கும் தேடு, மறுநாளும் போ.'

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. முழுசாகப் படித்தானா தெரியவில்லை. சீசனுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.